எடையும் தண்ணீரும்: முதன்முதலாக டிராவல் டிரெய்லர் வாங்குகிறவர்களுக்கு

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் வாழும் எங்கள் நண்பர் வட்டத்தில், பனி உருகி வெயில் தலைகாட்டத் தொடங்கியதும் யாராவது ஒருவர் தொலைபேசியில் அழைத்து, காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடான டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கலாமென்று இருப்பதாகவும், எந்த நிறுவனத்தின் டிரெய்லர் நல்லது என்றும் கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் டிரெய்லரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அவர்களுடைய காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் டயர் காற்றழுத்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது. கட்டில் எத்தனை, குளியலறை பெரியதா, வெளியே நீளும் மேற்கூரை உண்டா என்று பேச வந்தவர்களை மளிகைக் கடைத் தராசின் முன் நிறுத்துவதாக நினைக்கிறார்கள். ஆனால் டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கப் போவது அந்தச் சீட்டுதான்.

அதில், பயணிகளும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் 'இழுதிறன் 5,000 பவுண்ட்' என்ற எண்ணைவிட, இந்தச் சிறிய எண்தான் சாதாரணக் குடும்பத்தின் கையைக் கட்டிப்போடும். டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சொந்தச் சக்கரங்களின் மேல் நிற்பதில்லை. நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு வரை காரின் பின்புறத்தில் அழுந்துகிறது, அழுந்த வேண்டும். அந்த அழுத்தம் காருக்குள் ஏற்றிய சாமானாகவே கணக்கில் சேரும்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். மூன்று வரிசை இருக்கை கொண்ட ஒரு நடுத்தர எஸ்.யு.வி.யின் கதவுச் சீட்டு 1,300 பவுண்ட் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாமான்கள் நிறைந்த நிலையில் டிரெய்லர் 4,800 பவுண்ட். அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 600 பவுண்ட், காரின் மேல் இறங்குகிறது. டிரெய்லரைக் காரோடு பிணைக்கும், எடையைப் பகிர்ந்தளிக்கும் கம்பிகளோடு கூடிய ஹிட்ச் ஒரு 80 பவுண்ட். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 480. மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டி, கருவிப் பெட்டி என்று 120. மொத்தம் 1,280 ஆகிவிட்டது. இன்னும் 20 பவுண்ட் மிச்சம். இந்தக் கணக்கு நான்கு பேர் இருக்கும் வரைதான் நிற்கும். ஊரிலிருந்து பெற்றோர் ஆறு மாதத்துக்கு வந்து, அவர்களையும் மூன்றாம் வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு புறப்பட்டால், இருநூற்றைம்பது பவுண்டுக்கு மேல் வரம்பைத் தாண்டிவிடுவோம். டிரெய்லர் வாங்கும் ஆசையே பெற்றோரை அழைத்துக்கொண்டு நாலு இடம் போகத்தான் என்று சொல்லும் நண்பர்களுக்கு, இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

விற்பனையாளர் "உங்கள் வண்டி தாராளமாக இழுக்கும்" என்று சொல்வார். பொய்யில்லை, இழுக்கத்தான் செய்யும். இஞ்சினால் இழுக்க முடியுமா என்பது எளிதான கேள்வி. பின்புற அச்சும், ஸ்பிரிங்குகளும், டயர்களும், பிரேக்கும் அந்தச் சுமையை மலைச்சரிவில், மழையில், திடீரென்று நிறுத்த வேண்டிய கணத்தில் தாங்குமா என்பதுதான் கேட்க வேண்டியது. மேலும் இழுதிறன் எண்ணை நிர்ணயிக்கும் சோதனையில் காருக்குள் ஓட்டுநரும் தலைக்கு 150 பவுண்ட் கணக்கில் இன்னொருவரும் மட்டுமே இருப்பதாகக் கொள்கிறார்கள். கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரின் எடையும் அந்த எண்ணிலிருந்து கழியும்.

டிரெய்லரின் விளம்பரத் தாளிலும் இதே போன்ற ஒரு கவர்ச்சியான எண் உண்டு. அதன் பெயர் வெற்று எடை. தண்ணீர், துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு எதுவும் ஏறாத, பெரும்பாலும் பேட்டரி கூடப் பொருத்தப்படாத எடை அது. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்ட், 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல் கூடிவிடும். முன்னால் பொருத்திய இரண்டு புரொப்பேன் உருளைகளும் நிறைந்திருந்தால் ஏறக்குறைய 75 பவுண்ட். ஆகவே வெற்று எடையை மறந்துவிட்டு, டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் உச்சபட்ச எடையை எடுத்துக்கொண்டு, அதில் நூற்றுக்குப் பதின்மூன்றைக் காரின் கணக்கில் சேர்த்துப் பார்ப்பதே என் வழக்கம். எல்லோரும் முழு எடை வரை ஏற்றுவதில்லை என்று வாதிடலாம். ஏற்றாவிட்டால் நல்லதுதான்; ஆனால் நம்மவர்கள் பயணத்துக்குச் சாமான் கட்டும் முறை எனக்குத் தெரியும்.

காரின் மேல் அழுந்தும் இந்தப் பங்கை அமெரிக்க நண்பர்களுக்கு விளக்கப் படம் வரைய வேண்டியிருக்கிறது. மாட்டு வண்டி ஓட்டிய என் அப்பாவுக்கு ஒரு வரி கூடத் தேவைப்படவில்லை. டிரெய்லரைச் சுற்றி வந்து பார்த்தவர், பின்பக்கத்தில் சைக்கிள்களைத் தொங்கவிடும் சட்டத்தைக் கண்டதும், "பின்பாரம் ஏறாம பாத்துக்கப்பா, நுகத்தடி தூக்கிரும்" என்றார். பாரவண்டியில் மூட்டைகளைப் பின்னால் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலெழும். முன்னால் அடுக்கினால் கழுத்து அழுந்தி மாடு நடக்காது. டிரெய்லரிலும் நடப்பது அதுவே. முன்பாரம், அதாவது காரின் மேல் இறங்கும் பங்கு, நூற்றுக்குப் பத்துக்குக் கீழே குறைந்தால், எடை மையம் அச்சை நெருங்கிப் பின்னோக்கிப் போய், ஒரு லாரி கடக்கும்போது எழும் காற்று கூட டிரெய்லரை வாலாட்ட வைக்கும். வேகம் கூடக் கூட ஒவ்வோர் ஆட்டமும் அடுத்ததைப் பெரிதாக்கும். முன்பாரம் அளவுக்கு மிஞ்சினால் காரின் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளர்ந்து, ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொன்னபடி கேட்காது. அதனால் கனமான பொருள்களை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக வைக்கிறோம். டிரெய்லரின் பின்சுவரில் எதையும் தொங்கவிடுவதில்லை.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மை எடையை அறிய வழியும் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடைகள் இருக்கின்றன. காரின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லரின் அச்சுகள் மூன்றும் தனித்தனித் தட்டுகளில் நிற்குமாறு ஏறி நின்றால், சில டாலர் செலவில் மூன்று எண்களும் அச்சிட்ட சீட்டு கிடைக்கும். பிறகு டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, காரை மட்டும் அதே ஆட்களோடும் சாமான்களோடும் ஒருமுறை நிறுத்தினால், இரண்டு சீட்டுகளிலும் காரின் எடைக்குள்ள வேறுபாடே முன்பாரம். புதிய உரிமையாளர்கள் பலர் இதைச் செய்யாமலே பல ஆண்டுகள் ஓட்டுகிறார்கள். முதல் பயணத்துக்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

இனி, எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் விற்கும் டிரெய்லர்களில் மிகப் பெரும்பான்மை இந்தியானா மாநிலத்தின் வடக்கிலுள்ள எல்கார்ட் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. பெயர்ப்பலகைகள் நூறு இருந்தாலும் உரிமையாளர்கள் சிலரே. ஏர்ஸ்ட்ரீம், ஜேகோ, கீஸ்டோன் மூன்றும் தோர் குழுமத்தின் கீழ் வருகின்றன, ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே கையில் இருக்கிறது. அடிச்சட்டம், தண்ணீர் சூடேற்றி, குளிர்சாதனம், அடுப்பு ஆகியவற்றை எல்லோரும் பெரும்பாலும் அதே சில வழங்குநர்களிடமிருந்தே வாங்குகிறார்கள். 1931இல் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீமைப் போல் அலுமினிய உடலை ரிவெட் அடித்துக் கட்டும் சிலவற்றை விட்டுவிட்டால், நடுத்தர விலையில் இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிட, ஒரே நிறுவனத்தின் இரண்டு டிரெய்லர்களுக்கு இடையிலான வேறுபாடு பெரிதாக இருக்கக்கூடும். ஒன்று கவனமாகக் கட்டப்பட்டிருக்கும், இன்னொன்று அவசரத்தில். எனவே நிறுவனத்தைவிட, கண்முன் நிற்கும் அந்த ஒரு டிரெய்லரைத் துருவிப் பார்ப்பதே மேல்.

துருவிப் பார்க்கும்போது தேட வேண்டியது தண்ணீரின் தடத்தை. டிரெய்லரைப் பழையதாக்குவது ஓடிய தூரம் அன்று, உள்ளே இறங்கும் ஈரம். பெரும்பாலானவற்றின் சுவருக்குள் மெல்லிய மரச் சட்டங்களோ, ஒட்டுப்பலகையோ இருக்கின்றன. கூரையில் காற்றுப் போக்கிகள், குளிர்சாதனம், குழாய்கள், ஏணி என்று எத்தனை துளைகள் உண்டோ அத்தனையையும் அடைத்து நிற்பது ஒரு பசைக்கோடு மட்டுமே. வெயிலில் அந்தப் பசை காய்ந்து வெடிக்கிறது. வெடிப்பு தலைமயிர் அளவே இருந்தாலும் நீர் உள்ளே போய், வெளிச்சமில்லாத இடத்தில் மரத்தை உளுத்துப்போகச் செய்கிறது. ஆகவே பயன்படுத்திய டிரெய்லரைப் பார்க்கப் போகும்போது, ஈரமானி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். மேல் அலமாரிகளின் உள்மூலைகள், சன்னல்களின் கீழ்விளிம்பு, பக்கவாட்டில் வெளியே நீளும் அறையின் தரை ஓரம், படுக்கைக்கு அடியில் இருக்கும் முன்மூலைகள் ஆகியவற்றில் வைத்துப் பாருங்கள். தரையின் மூலைகளைக் காலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். வெளிப்புறக் கண்ணாடியிழைச் சுவரைச் சாய்ந்த வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், கொப்புளம் போல் உப்பிய பகுதிகள் தென்படும். அதுவும் உள்ளே நீர் புகுந்ததன் அடையாளமே. புதிதாக வாசனைத் திரவியம் தெளித்த டிரெய்லரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

புதியது வாங்குவோருக்கும் இது பொருந்தும். ஒப்படைக்கும் நாளில் தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றையும் இணைத்து, ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு விளக்கையும் போட்டு, தண்ணீர் சூடாகும்வரை காத்திருந்து, அடுப்பையும் சூடேற்றியையும் பற்றவைத்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். சில மணி நேரம் பிடிக்கும். விற்பனையாளரின் முகம் வாடும். கையெழுத்துக்குப் பின் அதே பழுதைச் சரிசெய்ய, கோடை முழுவதும் பணிமனையின் வரிசையில் டிரெய்லர் நிற்கும் என்பதால், வாடட்டும். கடன் பற்றியும் ஒரு சொல். கட்டில், சமையல் வசதி, கழிப்பறை மூன்றும் இருந்தால் வருமான வரித் துறை அதை இரண்டாவது வீடாக ஏற்று, வட்டிக்கு வரிக்கழிவு தருகிறது என்பது உண்மை. ஆனால் செலவுகளைத் தனித்தனியே காட்டாமல் நிலையான கழிவை எடுத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு அதனால் ஒரு காசும் மிச்சமில்லை. மதிப்பு ஆண்டுதோறும் இறங்கும் ஒரு பொருளுக்கு, பத்துப் பதினைந்து ஆண்டுக் கடனை அந்த வரிக்கழிவைக் காட்டி நியாயப்படுத்த வேண்டாம். மூன்று நான்கு ஆண்டு பழகிய, உலர்ந்த டிரெய்லரே என் தேர்வு. அதற்கும் முன்னால், அவுட்டோர்சி, ஆர்.வி.ஷேர் போன்ற தளங்களில் உரிமையாளர்களிடமிருந்தே ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது இன்னும் மலிவான பாடம். நிறுத்துமிடத்தையும் மறந்துவிடக் கூடாது. நம்மில் பலர் வாழும் டவுன்ஹவுஸ் குடியிருப்புகளில் வாசலில் டிரெய்லர் நிறுத்தச் சங்க விதிகள் அனுமதிப்பதில்லை. மாத வாடகைக்கு ஓரிடம் பார்த்தாக வேண்டும், அது கூரையுள்ள இடமாக இருந்தால் மேலே சொன்ன பசைக்கோட்டுக்கு ஆயுள் கூடும்.

பூட்டுவதும் கழற்றுவதும் பேச்சில்லாமல் செய்ய வேண்டிய வேலைகள். காரின் இரும்புக் குண்டின் மேல் டிரெய்லரின் முன்முனைப் பூட்டான கப்ளர் இறங்கி, தாழ் விழுந்து, ஊசி செருகிய பிறகு, முன்ஜாக்கியை மறுபடி சற்று உயர்த்திப் பார்ப்பேன்; காரின் பின்பகுதியும் சேர்ந்து எழுந்தால்தான் பூட்டு உண்மையில் விழுந்திருக்கிறது. குண்டின் அளவும் கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு அங்குலக் குண்டில் 2 5/16 அங்குலக் கப்ளர் உட்கார்ந்தது போல் தோன்றும், முதல் மேட்டில் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் பின்னி மாட்டினால், கழன்றாலும் அதன் மூக்கு சாலையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். டிரெய்லர் பிய்த்துக்கொண்டு போனால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கும் மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதைச் சங்கிலியில் மாட்டாமல் காரின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும். ஏழு முள் மின்னிணைப்பு, விளக்குச் சோதனை, எல்லாம் முடிந்த பின்னரே சக்கரக் கட்டைகளை எடுக்க வேண்டும். கழற்றும்போது இந்த வரிசை தலைகீழ்: கட்டை முதலில், மற்றவை பிறகு. மூலைகளில் இறக்கும் கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. அவற்றால் டிரெய்லரைத் தூக்கினால் சட்டம் வளையும்.

சாலையில் என் வேகம் மணிக்கு 60 மைல். டிரெய்லர்களுக்கென்று செய்யப்படும் எஸ்.டி. வகை டயர்கள் பலவற்றின் உச்ச வேகமே 65 தான். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குச் சட்டமே 55 என்கிறது. ஆட்டம் தொடங்கிவிட்டால் கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பவும் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். அதற்காகவே பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கை எட்டும் இடத்தில் பொருத்துகிறார்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ தேயாவிட்டாலும் ஐந்தாறு ஆண்டில் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதற்கு மருந்தில்லை.

கிழக்குக் கரையில் ஓட்டுகிறவர்களுக்குக் கார் வழிகாட்டிச் செயலி ஓர் எதிரி. நியூயார்க் மாநிலத்தில் பார்க்வே எனப்படும் கார்ச் சாலைகளிலும் கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயிலும் டிரெய்லருக்கு அனுமதியில்லை. அங்குள்ள கல் வளைவுப் பாலங்கள் பத்து, பதினோரு அடி உயரமுள்ள கூரைகளை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. பால்டிமோர் வழியாகத் தெற்கே போகும்போது இன்னொரு சிக்கல். தலா 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் உருளைகளோடு அங்கே துறைமுகத்துக்கு அடியில் செல்லும் இரண்டு சுரங்கச் சாலைகளிலும் நுழைய முடியாது. டிரெய்லர்களில் இருப்பதோ குறைந்தது 20 பவுண்ட் உருளை. முன்பெல்லாம் எல்லோரும் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் மேலே போவார்கள். 2024 மார்ச் 26 அதிகாலையில் டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி அது இடிந்து விழுந்த பிறகு, 695ஆம் எண் சுற்றுச் சாலையின் மேற்கு அரைவட்டத்தில் நகரைச் சுற்றிக்கொண்டு போவதுதான் வழி. எங்கள் காரின் முகப்பில் டிரெய்லரின் உயரத்தை அடியிலும் அங்குலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஷெனண்டோவா தேசியப் பூங்காவின் ஸ்கைலைன் டிரைவில் மேரிஸ் ராக் சுரங்கத்தின் உயரம் 12 அடி 8 அங்குலம் என்ற பலகையைப் பார்த்ததும், நிம்மதியாக ஓட்டுவதற்கு அது உதவியது.

பின்னோக்கி ஓட்டுவதைப் பற்றி நிறையப் பயமுறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் ரயில் நிலைய நிறுத்துமிடம் போதும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பின்பகுதி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் குழப்பம் தீர்ந்துவிடும், மற்றது பொறுமை. கடினமானது கணவன் மனைவிக்கு இடையிலான சைகை மொழி. முகாம் திடலில் மாலை நேரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் பின்னோக்கி ஓட்டுவதைப் பார்ப்பது இலவசப் பொழுதுபோக்கு. என் மனைவி பின்னால் நின்று "வாங்க, வாங்க, இன்னும் வரலாம்" என்று சொல்லிக்கொண்டே, தான் எந்தப் பக்கக் கண்ணாடியிலும் தெரியாத இடத்துக்கு நகர்ந்துவிடுவாள். நாங்கள் கைபேசியில் பேசிக்கொண்டு ஓட்டப் பழகிவிட்டோம். அதோடு ஓர் ஒப்பந்தம்: கண்ணாடியில் அவள் தெரியாவிட்டால் வண்டி நகராது.

முகாமில் மின்சாரம் ஒரு சிறு கணக்குதான், ஆனால் நம் சமையலறைக்கு அது இறுக்கமான கணக்கு. சிறிய டிரெய்லர்களுக்குக் கிடைப்பது 30 ஆம்ப் இணைப்பு: 120 வோல்ட், ஆக 3,600 வாட். குளிர்சாதனம் 1,500 வாட் அளவில் எடுத்துக்கொள்ளும். மின்கெட்டில் இன்னொரு 1,500. தண்ணீர் சூடேற்றி மின்சாரத்தில் ஓடினால் அதற்கு மேலும் 1,400. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் இருட்டுதான். எனவே சூடேற்றியை எரிவாயுவுக்கு மாற்றிவிட்டு, சோறு வேகும்போது வேறெதையும் போடாமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். கம்பத்திலிருந்து வரும் மின்சாரத்தைச் சோதித்த பிறகே உள்ளே விடும் பாதுகாப்புக் கருவி ஒன்றை வாங்குவது அவசியம். கடும் வெயில் நாளில் எல்லோரும் குளிர்சாதனத்தை ஓட்டும்போது மின்னழுத்தம் தாழ்ந்து கம்ப்ரசரைக் கெடுக்கும். கடுகு தாளிப்பதை மட்டும் வெளியே அடுப்பு வைத்துச் செய்யுங்கள். அத்தனை சிறிய அறையில் புகை எச்சரிக்கை மணி மிளகாய் வற்றலை மன்னிப்பதில்லை.

இப்போது மறுபடி தண்ணீர், இந்த முறை உள்ளே நாமே விடும் தண்ணீர். நன்னீர்த் தொட்டி ஒன்று, பாத்திரமும் உடலும் கழுவிய நீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என மூன்று தொட்டிகள் உண்டு. முகாமின் குழாயில் இணைக்கும்போது, அழுத்தத்தை 40 முதல் 50 பி.எஸ்.ஐ.க்குள் அடக்கும் சிறு பித்தளைக் கட்டுப்படுத்தியைக் குழாயருகிலேயே பொருத்த வேண்டும். இல்லையென்றால் சுவருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களின் இணைப்புகள் கசியத் தொடங்கி, பசைக்கோட்டைக் காத்ததெல்லாம் வீணாகும். பாத்திரங்களைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துவிடுவது எங்கள் வீட்டு விதி. முப்பது கேலன் தொட்டி சாம்பார்ப் பாத்திரத்துக்குப் போதாது, எண்ணெய்ப் பிசுக்கும் தொட்டியின் சுவரில் படியும்.

கழிவறைத் தொட்டியைப் பற்றிப் பேச நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். டிரெய்லரே வேண்டாமென்று பலர் பின்வாங்குவதும் இந்த இடத்தில்தான். ஆனால் இதில் நம் பழக்கம் நமக்கு நன்மை செய்கிறது. அமெரிக்க உரிமையாளர்கள் படும் தொல்லையில் பெரும்பகுதி காகிதம் அதிகமாகவும் தண்ணீர் குறைவாகவும் விழுவதால் வருகிறது. கழிவு திரவத்தில் மிதந்தால் மட்டுமே வால்வைத் திறக்கும்போது ஒரே வேகத்தில் வெளியேறும். நீர் போதாவிட்டால் அது அடியில் குவிந்து இறுகிவிடும். தண்ணீரால் கழுவிக்கொள்ளும் குடும்பத்துக்கு இந்தச் சிக்கல் எளிதில் வராது. சிறு தெளிகுழாய் ஒன்றைப் பக்கத்தில் பொருத்திக்கொண்டால் போதும். தொட்டி சற்று விரைவில் நிறையும், அவ்வளவே. முகாமில் சாக்கடை இணைப்பே இருந்தாலும், கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தபடி விடக் கூடாது. மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு, கையுறை அணிந்து, அதை முதலில் திறந்து காலி செய்து, அடுத்துக் கழுவுநீர்த் தொட்டியைத் திறந்தால் சோப்பு நீரே குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கழிவை இறக்கும் இடத்தில் இருக்கும் குழாயில் குடிநீர்க் குழலை ஒருபோதும் இணைக்காதீர்கள். அளவு காட்டும் சிவப்பு விளக்குகளை நம்பாதீர்கள், கொஞ்ச நாளில் அவை எப்போதும் பொய் சொல்லும்.

முதல் பயணம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் மாநிலப் பூங்காவாக, எல்லா இணைப்புகளும் உள்ள இடமாக இருக்கட்டும். மறந்த பொருளை எடுக்கத் திரும்பி வரலாம். தேசியப் பூங்காக்களின் முகாம்கள் அழகானவை; ஆனால் பலவற்றில் மின்சாரமும் கிடையாது, குழாயும் கிடையாது, புகழ்பெற்றவற்றின் முன்பதிவு ஆறு மாதம் முன்பு திறந்த உடனே தீர்ந்துவிடும். மேரிலாந்தின் அசட்டீக் தீவில், தேசியக் கடற்கரையின் முகாமில், கடற்கரைக்கு அருகிலேயே டிரெய்லரை நிறுத்தலாம், எந்த இணைப்பும் இருக்காது. நிரப்பிக்கொண்டு போன நன்னீரும் பேட்டரியும்தான் கணக்கு. அங்கே அலையும் காட்டுக் குதிரைகள் மேசையில் வைத்த உணவைக் கூசாமல் எடுத்துக்கொள்ளும். புளியோதரைப் பாத்திரத்தை மூடி மட்டும் காப்பாற்றாது, வண்டிக்குள் வைத்துக் கதவை அடைக்க வேண்டும். வெயில் காலத்தில் கொசு தாங்காது. இலையுதிர் காலத்தில் போவதே சரி.

இலையுதிர் காலம் முடியும்போது எங்கள் ஊரில் டிரெய்லர்க்காரர்களுக்கு ஒரு கெடு இருக்கிறது: முதல் கடும் உறைபனி. அதற்குள் குழாய்களில் ஒரு துளி நீர் தங்காமல் எடுத்துவிட வேண்டும், உறைந்த நீர் விரிந்து குழாயைப் பிளந்துவிடும். தண்ணீர் சூடேற்றி ஆறி, அழுத்தம் வெளியேறிய பிறகே அதன் அடைப்பைக் கழற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். தொட்டிகளையும் தாழ்வான வடிகால்களையும் திறந்துவிட்டு, சூடேற்றியைச் சுற்றிப் போகும்படி வால்வுகளைத் திருப்பி, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தைப் பம்பால் இழுத்து, ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு வரும்வரை விட வேண்டும். வெளிப்புறக் குளியல் குழாயைத்தான் பலர் மறப்பார்கள். டிரெய்லருக்கு உரியது புரொப்பிலீன் கிளைக்கால். காரின் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதைக் குடிநீர்க் குழாயில் விடக் கூடாது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அவ்வப்போது மின்னேற்றி வைக்க வேண்டும். மின்னிறக்கமான ஈய அமில பேட்டரி குளிரில் உறைந்து வெடித்துவிடும்.

ஏப்ரலில் எல்லாம் மறுபடி. திரவத்தைக் கழுவி வெளியேற்றி, 15 கேலனுக்குக் கால் கோப்பை வீதம் மணமில்லாத பிளீச் கலந்து தொட்டியையும் குழாய்களையும் நிரப்பி, சில மணி நேரம் ஊறவிட்டு, குளோரின் வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். அன்றே கூரையிலும் ஏறி, பசைக்கோடுகள் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்துவிடுவேன். எங்காவது வெடிப்பு இருந்தால், மழைக்கு முன் பழைய பசையைத் துடைத்து, தானே பரவிச் சமமாகும் வகைப் புதுப் பசையை மேலே ஊற்ற அரை மணி நேரம் போதும்.